மதியம் 2 மணியும் இரவு 8 மணியும்

கேள்வி: வேல்ஸில், ஆங்கில்சி தீவின் ஹோலிஹெட் அருகே மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் வசிக்கிறேன். குளிர்காலத்தில் பாறைக்கரையை ஒட்டித் தனியாகக் கடலில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டுவது எனக்கு உயிர். மனைவிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட் உடை, கடலில் பேசுவதற்கான வி.எச்.எஃப். ரேடியோ, செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் பி.எல்.பி. கருவி எல்லாம் வைத்திருக்கிறேன். கவிழ்ந்தாலும் துடுப்பாலேயே நிமிர்ந்துகொள்ளத் தெரியும். மதியம் 2 மணிக்கே திரும்பிவிடுவேன் என்றாலும், சற்றுத் தாமதமானால் அவள் பதறிப்போய்க் கடல் மீட்புக்குப் பொறுப்பான கோஸ்ட்கார்டை அழைத்து என் மானத்தை வாங்கிவிடுவாள் என்பதால், இரவு 8 மணி என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவள் பயத்தை எப்படிப் போக்குவது?

பதில்: உங்கள் மனைவியின் பயத்தைப் போக்க நான் வழி சொல்லப் போவதில்லை. உபகரணங்களின் பட்டியலுக்குப் பின்னால், போகிற போக்கில் ஒரு பொய்யை எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் கேட்க வந்தேன்.

ஜனவரி மாதத்தில் ஒரு நாள், மதியம் 1 மணிக்கு, ஹோலிஹெட் அருகே உள்ள சவுத் ஸ்டாக் பாறைச்சுவரின் அடியில் நீங்கள் கவிழ்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அலை பாறையில் மோதித் திரும்பி, அடுத்து வரும் அலையோடு குறுக்கும் நெடுக்குமாக மோதிக்கொள்ளும் அந்தத் தண்ணீரில், குளத்தில் கற்ற, துடுப்பால் நிமிரும் வித்தை ஒருமுறை தவறினால் படகை விட்டு வெளியே வந்தாக வேண்டும். கடல் நீரின் வெப்பம் 8, 9 டிகிரி. முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறலை அடக்கவே போய்விடும், அடுத்த 10 நிமிடம்தான் கைகள் சொன்னபடி கேட்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும் என்று குளிர்நீர்ப் பயிற்சிகளில் சொல்லித் தருவது உங்களுக்குத் தெரியாததல்ல. டிரை சூட் அந்த ஒரு மணி நேரத்தை நீட்டித்துத் தரும். விரல்களுக்கு அது காவல் இல்லை. பி.எல்.பி.யின் ஆன்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்தவும், ரேடியோவை எடுத்து அபாய அழைப்புக்கான சானல் 16-இல் பேசவும் அந்த விரல்கள்தானே வேண்டும்? போதாததற்கு, உயர்ந்து நிற்கும் பாறை பாதி வானத்தை மறைத்து, பி.எல்.பி.யின் செய்தி செயற்கைக்கோளுக்குப் போவதற்கும் இடைஞ்சலாக நிற்கும்.

உங்கள் கைகள் மரத்துப்போன பிறகும் வேலை செய்யக்கூடிய எச்சரிக்கை ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் திரும்ப வேண்டிய நேரத்தை அறிந்து வீட்டில் காத்திருக்கும் மனைவி. அவரைத்தான் நீங்கள் செயலிழக்க வைத்துவிட்டுப் போகிறீர்கள். உண்மையான நேரம் தெரிந்திருந்தால் அவர் இரண்டரை மணிக்கு அழைப்பார். நாலரை வரை வெளிச்சம் இருக்கும். கோஸ்ட்கார்டின் ஹெலிகாப்டர் தளம் கார்னார்வனில், அருகிலேயே இருக்கிறது. நீங்கள் சொன்ன நேரத்தை நம்பினால், விபத்து நடந்து ஏழு மணி நேரம் கழித்துத்தான் அவருக்குக் கவலையே தொடங்கும். அதற்குள் ஓதம் திசை மாறியிருக்கும், கடலுக்குள் நீண்டிருக்கும் அந்த நிலமுனைகளைச் சுற்றி ஓடும் வேகமான நீரோட்டம் உங்களை எங்கே கொண்டுபோனது என்று எவருக்கும் தெரியாது. அதுவரை அவர் குழந்தைகளுக்குச் சோறு போட்டு, "அப்பா இப்போ வந்துருவார்" என்று உங்கள் பொய்யைத் தம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதில் மானம் எங்கிருந்து வந்தது? அங்கே கடலில் மீட்க வருவதற்கு எவரும் காசு கேட்பதில்லை. உயிர்காப்புப் படகில் வருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள், அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. வீணாகப் போன ஓர் அழைப்பை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தவறான நேரத்தை விட்டுச் சென்ற ஒருவரைப் பாறைகளுக்கு நடுவே இருட்டில் தேடவைப்பதுதான் வெட்கப்பட வேண்டிய காரியம். வீட்டை விட்டுக் கிளம்புகிற கணவன் திரும்பும் நேரத்தை உள்ளபடி சொல்வது குடும்பம் நடத்துவதில் முதல் கடமை என்று நான் நம்புகிறேன். மனைவி பதறக்கூடாது என்ற அக்கறையால் நீங்கள் அதை மறைத்திருந்தாலாவது ஒரு சமாதானம் இருக்கும். உங்களைக் கேள்வி கேட்க ஆள் இருக்கக்கூடாது என்பதற்காக அல்லவா மறைத்தீர்கள்!

மூன்று பேருக்குக் குறைந்து கடலுக்குப் போகாதே என்பது பிரிட்டனின் கயாக் ஓட்டிகளிடையே பழைய வழக்கு. பிள்ளைகள் தம் காலில் நிற்கும்வரை, குளிர்காலத்தில் அந்தப் பாறைமுகத்துக்குத் தனியாகப் போகும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதே என் கருத்து. குழுவோடு போங்கள். தனிமைதான் வேண்டுமென்றால், கோடையில் ஒதுக்கமான விரிகுடா போதும்.

இன்றிரவே மனைவியிடம் அந்த 8 மணிப் பொய்யை ஒப்புக்கொள்ளுங்கள். குழுவோடு போனாலும் ஒவ்வொரு முறையும் படகின் நிறம், இறங்கும் இடம், போகும் வழி, கரையேறும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அந்த நேரத்துக்கு அரை மணி கழித்தும் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும், உங்களுக்காக ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் அதே தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.