மாடிக்கு அனுப்பப்பட்ட பெண்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகள் இந்த ஆகஸ்டில் காலேஜ் சேர்கிறாள். சேர்ந்த கையோடு சொராரிட்டிக்கு, அதாவது மாணவிகள் ஒரே வீட்டில் சேர்ந்து தங்கும் சங்கத்துக்கு, ‘ரஷ்’ போகப்போவதாகச் சொல்கிறாள். சங்கங்கள் புது ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர்தான் ரஷ்ஷாம். அந்த ஒரு வாரத்துக்கு எந்த நாள் என்ன உடுத்துவது என்ற பட்டியல் இப்போதே எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எனக்கு இதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். பணக்கார வீட்டுப் பொன்னிறக் கூந்தல் பெண்கள், குடி, கும்மாளம், ஒருத்தி காலை ஒருத்தி வாருவது. கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் இன்ஸ்டாகிராமில் வந்த ஒரு ரஷ் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, “இதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்டறீங்க?” என்று கேட்டுவிட்டார். மகளிடம் பேசப்போனால் “அதெல்லாம் ஸ்டீரியோடைப்மா” என்று முடித்துவிடுகிறாள்.

நானும் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள்தான். ஹாஸ்டல் பெண் என்றால் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது வேறு இல்லையா? படங்களில் காட்டுவதில் எவ்வளவு உண்மை? அப்படியே பொய்யாக இருந்தாலும் வெறும் கேலிதானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெயர் வேண்டாம்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நஷ்டத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்தியானா மாநிலத்தில் கிரீன்காசில் என்றொரு சின்ன ஊர். டிபா பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அங்கே டெல்டா ஸீட்டா என்ற சொராரிட்டிக்கு ஒரு கிளை இருந்தது. உளவியல் பேராசிரியர் ஒருவர் மாணவர்களிடம், வளாகத்தில் உள்ள ஒவ்வொரு சொராரிட்டியைப் பற்றியும் உங்கள் மனதில் என்ன பிம்பம் இருக்கிறது என்று கேட்டுப் பதில்களைத் தொகுத்தார். ஒரு வீட்டுப் பெண்களுக்கு ‘அப்பாவின் செல்ல இளவரசிகள்’ என்று பெயர் கிடைத்தது. டெல்டா ஸீட்டா பெண்களுக்குக் கிடைத்தது, நாலு பேரோடு பழகத் தெரியாதவர்கள் என்ற பெயர். அந்த வீட்டில் கணிதமும் அறிவியலும் படித்த பெண்கள் நிறைய.

அங்கே ஆள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. 2006 கடைசியில் தலைமையகம் களத்தில் இறங்கியது. புது மாணவிகள் வீட்டைப் பார்க்க வந்த நாளில், அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலானோரை மாடியிலேயே, அவரவர் அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். கீழே நின்று வரவேற்பதற்கு வேறொரு பல்கலைக்கழகக் கிளையிலிருந்து ஒல்லியான பெண்களை வரவழைத்தார்கள். தன் வீட்டு விசேஷத்தில் தானே மாடியில் ஒளிந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பரில், பரீட்சை நெருங்கும் நேரத்தில், கடிதம் வந்தது. 35 பேரில் 23 பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உடல் பருமனான அத்தனை பேரும் அந்த 23-இல் இருந்தார்கள். அங்கே இருந்த ஒரே கறுப்பினப் பெண், ஒரே கொரியப் பெண், ஒரே வியட்நாமியப் பெண் ஆகியோரும்தான். ஆள் சேர்ப்பதில் ஈடுபாடு காட்டாதவர்களை மட்டுமே நீக்கினோம் என்று தலைமையகம் விளக்கம் சொன்னது. மிச்சம் வைத்த 12 பேரில் ஆறு பேர், இந்த மரியாதை எங்களுக்கு வேண்டாம் என்று தாங்களே வெளியேறினார்கள். 2007 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது. மார்ச்சில் பல்கலைக்கழகம் அந்தச் சொராரிட்டியோடு உறவை முறித்துக்கொண்டது.

யாரோ சினிமாக்காரர்கள் வந்து இதைச் செய்யவில்லை. பெண்களுக்காகப் பெண்கள் நடத்தும் அமைப்பு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்ததும், சிரித்தவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டது. சொராரிட்டிப் பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று திரை காட்டியதை ஆள் எடுக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதில் அடங்காத பெண்களை வீட்டைவிட்டு அனுப்பியது. கேலி என்பது கேலியோடு நிற்பதில்லை என்று நான் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதே கிரீன்காசிலில், இதே கல்லூரியில்தான் 1870 ஜனவரியில் கப்பா ஆல்ஃபா தீட்டா தொடங்கியது. பெண்களுக்கென்று கிரேக்க எழுத்துப் பெயரோடு வந்த முதல் சங்கம் அது. கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கி அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெட்டி லாக் என்ற மாணவியிடம், எங்கள் பேட்ஜை நீ அணிந்துகொள்ளலாம் என்று ஆண்கள் சங்கம் ஒன்று சொன்னது. பேட்ஜ் மட்டும்தான், உறுப்பினர் உரிமை கிடையாது. அவர் மறுத்துவிட்டு, மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார். வகுப்பில் ஆண்களின் முறைப்புக்கு நடுவே உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்த பெண்களுக்கு ஒருவருக்கொருவர் துணை தேவைப்பட்டது. தொடக்கம் அவ்வளவு எளிமையானது.

சினிமாவுக்கு இந்தக் கதை ஆகவில்லை. அதற்குப் பிடித்ததெல்லாம் ஒரே கூரையின்கீழ் நிறைய இளம்பெண்கள் என்ற ஏற்பாடுதான். 1974-இல் ‘பிளாக் கிறிஸ்மஸ்’ என்ற கனடியப் படம் வந்தது. சொராரிட்டி வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரன் கதை. 1978 ஜனவரியில் டெட் பண்டி என்ற தொடர் கொலைகாரன் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கை ஒமேகா சொராரிட்டி வீட்டுக்குள் இரவில் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கொன்றான். அதே மாதக் கடைசியில் அந்தப் படம் தொலைக்காட்சியில் வருவதாக இருந்தது. ஃப்ளோரிடாவில் எதிர்ப்பு எழவே, அங்குள்ள நிலையங்கள் விரும்பினால் வேறு படம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அதன் பிறகாவது இந்த வகைப் படங்கள் ஓய்ந்திருக்கும் என்று நினைப்போம். எண்பதுகளில்தான் அவை பெருகின. சாகப்போகிறவளை முதலில் குளியலறையில் காட்டுவது, குடிக்கவைப்பது, யாரோடாவது படுக்கவைப்பது, அப்புறம் கத்தி. அவள் சாவதற்கு ஒரு நியாயத்தைப் பார்ப்பவன் மனதில் முன்கூட்டியே தயார் செய்து வைக்கும் வேலை அது. எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

சொராரிட்டிப் பெண்ணையே கதாநாயகியாக்கிய ‘லீகலி பிளாண்ட்’ படம் 2001-இல் வந்து இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டது. மருந்து போட்டு முடியைச் சுருட்டும் ‘பெர்ம்’ செய்துகொண்டவள் உடனே தலைக்குக் குளிக்கமாட்டாள் என்ற அழகுநிலைய அறிவை வைத்துக் கதாநாயகி ஒரு கொலைவழக்கையே உடைப்பாள். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அறிவாளி என்று நிரூபிக்க அவள் ஹார்வர்ட் வரைக்கும் போகவேண்டியிருந்ததே.

உங்கள் நாத்தனார் பார்த்த வீடியோ வேறு ரகம். 2021 ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழக ரஷ் டிக்டாக்கில் பற்றிக்கொண்டது. கண்ணாடி முன் நின்று, டாப் இந்தக் கடை, பாவாடை ‘பேண்ட்ஸ் ஸ்டோர்’ கடை, கம்மல் ‘கெண்ட்ரா ஸ்காட்’ பிராண்டு என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். இங்கே படம் எடுப்பது அந்தப் பெண்ணேதான், தன் கைபேசியில். பார்ப்பவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் எது நன்றாகப் போகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அடுத்த வருடம் வருகிறவள் அதையே உடுத்தி, அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சின் அதே இழுவையில் அதையே சொல்கிறாள். முன்பு சினிமா எழுதிக்கொடுத்த பாத்திரத்தை இப்போது பதினெட்டு வயதுப் பெண்கள் சம்பளம் வாங்காமல் நடிக்கிறார்கள்.

உடம்பு விஷயத்தில் விளைவை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ‘செக்ஸ் ரோல்ஸ்’ என்ற ஆய்விதழில் 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. ரஷ்ஷில் கலந்துகொண்ட முதலாண்டு மாணவிகளையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டார்கள். கலந்துகொண்டவர்களிடம் தன்னைத் தானே வெளியிலிருந்து ஒரு பொருளைப் போலப் பார்க்கும் பழக்கமும், சாப்பாட்டுக் கோளாறுகளும் கூடுதலாக இருந்தன. எடை அதிகமுள்ள பெண்கள் ரஷ்ஷின் பாதியிலேயே விலகிப்போக அதிக வாய்ப்பிருந்தது. உள்ளே சேர்ந்தவர்களுக்கு நாள் போகப்போக உடல் பற்றிய கூச்சம் கூடியது. கிரீன்காசிலில் கடிதம் போட்டுச் செய்ததை மற்ற இடங்களில் கடிதம் இல்லாமலே செய்கிறார்கள்.

குடி, கும்மாளம் என்று எழுதியிருந்தீர்கள். இதில் படங்கள் உங்களிடம் மறைத்த ஒரு விஷயம் உண்டு. நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் உள்ள பழைய சொராரிட்டிகள் தங்கள் வீடுகளில் மது விருந்து வைப்பதில்லை. விருந்தெல்லாம் ஆண்களின் ஃபிரடர்னிட்டி வீடுகளில். வாசலில் யாரை உள்ளே விடுவது, கோப்பையில் என்ன ஊற்றுவது, திரும்பிப் போகக் கார் யாருடையது, எல்லாமே பையன்கள் கையில். எலிசபெத் ஆர்ம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன் முதலிய சமூகவியலாளர்கள் ஒரு பெண்கள் விடுதித் தளத்திலேயே தங்கிக் கவனித்து, 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஏற்பாட்டைத்தான் சுட்டிக்காட்டினார்கள். வளாகப் பாலியல் வன்முறைக்கு இடமும் மதுவும் யார் பிடியில் இருக்கின்றன என்பது முக்கியமான காரணம். சினிமாவில் தள்ளாடிக்கொண்டு வருகிற பெண்ணை மட்டும் பார்த்துப் பழகியவர்கள், மறுநாள் அவள் புகார் கொடுக்கும்போது, “உன்னை யார் அங்கே போகச் சொன்னது?” என்றுதான் கேட்பார்கள். ஊற்றிக் கொடுத்தவனிடம் போய் யாரும் கேட்கமாட்டார்கள். ஹாஸ்டல் வேறு, இது வேறு என்கிறீர்கள். எனக்கு அவ்வளவு தூரம் தெரியவில்லை. சினிமா பார்த்துவிட்டு ஹாஸ்டல் பெண்ணைப் பற்றிப் பேசும் அதே வாய்தான் இங்கேயும் பேசுகிறது.

அப்புறம், உங்கள் மனதில் வந்த பெண் பொன்னிறக் கூந்தலோடு ஏன் வந்தாள்? கமலா ஹாரிஸும் சொராரிட்டிப் பெண்தான். சென்னையிலிருந்து போன ஷ்யாமளா கோபாலனின் மகள், ஹவார்ட் (ஹார்வர்ட் அல்ல, கறுப்பினத்தவருக்கென்று தோன்றிய வாஷிங்டன் பல்கலைக்கழகம்) பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். கறுப்பினப் பெண்கள் 1908-இல் அதே ஹவார்டில் தொடங்கிய சங்கம் அது. 1913-இல் அங்கே தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டாவின் பெண்கள், சில வாரங்களிலேயே வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப்பார்த்த பேரணி அது. இவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் சங்கத்தோடு உறவு முடிவதில்லை, ஆயுள் முழுக்க உறுப்பினர்தான். இத்தனை இருந்தும் சொராரிட்டி என்றதும் யார் நினைவிலும் இவர்கள் வருவதில்லை. 2019 ஜனவரியில் ஹாரிஸ் பேச வந்தபோது சங்கத் தோழிகள் தங்கள் வழக்கமான ‘ஸ்கீ-வீ’ குரலை எழுப்ப, அதைக் கீச்சிடல் என்று ஒரு பெரிய நாளிதழின் நிருபர் ட்வீட் செய்தார். நூறாண்டு தாண்டிய சங்கத்தின் வணக்கம் அது என்று தெரியவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவு சொன்னதால் நான் சொராரிட்டிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். அலபாமாவின் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களை ஒதுக்கிவந்ததையும், அதில் பழைய உறுப்பினர்களின் தலையீட்டையும் 2013-இல் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் அம்பலப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகமே தலையிட்டுச் சேர்க்கையை மறுபடி திறக்கவைத்தது. பணம், நிறம், அம்மா அதே சங்கத்தில் இருந்தாரா என்ற கேள்வி, இவையெல்லாம் உண்மையான குற்றச்சாட்டுகள். ‘மண்டையில் ஒன்றுமில்லாத பொன்னிறக் கூந்தல்காரி’ என்ற கேலி இவற்றில் ஒன்றையும் தொடாது. சொல்லப்போனால் மறைத்துவிடுகிறது. சிரித்து முடித்ததும், விமர்சனம் செய்துவிட்ட திருப்தியோடு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள்.

உங்கள் மகள் ‘ஸ்டீரியோடைப்’ என்று சொன்னது சரிதான், ஆனால் பேச்சு அங்கே முடியக்கூடாது. தடுக்காதீர்கள். பட்டியலைப் பற்றிக் கிண்டலும் வேண்டாம். ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று கேளுங்கள். மது விருந்து யார் வீட்டில், திரும்பிவரும்போது கார் யாருடையது என்று கேளுங்கள். டெக்சாஸிலேயே தெற்காசியப் பெண்கள் 1998-இல் ஆஸ்டினில் தொடங்கிய கப்பா ஃபை காமா இருக்கிறது, அது அவளுக்குத் தெரியுமா என்றும் கேட்கலாம். அவள் அதையே தேர்ந்தெடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. முக்கியமாக, ரஷ் வாரத்தின் நடுவில் அழுதுகொண்டு போன் செய்தால், எந்த வீடு என்ன காரணத்துக்காக உன்னை வேண்டாம் என்றது என்று துருவாதீர்கள். இன்னின்ன வீடுகள் உன்னை மறுபடி அழைத்திருக்கின்றன என்ற பட்டியல்தான் அவள் கைக்கு வரும். அழைக்காத வீடுகள் காரணம் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.