பட்டையா, ஏலக்காயா? குளிருக்கு ஏற்ற பெர்ஃப்யூம்

கேள்வி: குளிர்காலத்துக்கு ஒரு பெர்ஃப்யூம் வாங்கப் போகிறேன். ஒன்றில் பட்டை, கிராம்பு, வெனிலா. இன்னொன்றில் ஏலக்காய், மிளகு, சீடர் (தேவதாரு) மரம். இரண்டுமே பிடித்திருக்கிறது. பகல் முழுவதும் ஹீட்டர் ஓடும் அலுவலகத்தில் இருப்பேன். எதை வாங்கலாம்?

பதில்: உங்களுக்கு ஏலக்காய்தான். காரணம் அந்த ஹீட்டர்.

குளிரில் மணம் மெதுவாகத்தான் ஆவியாகும். தெருவில் நிற்கும்போது ‘வாசனையே வரவில்லையே’ என்று கூடுதலாக அடித்துக்கொள்வோம். சூடான அறைக்குள் போய்க் கோட்டைக் கழற்றியதும், அடங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பும். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் லேசில் ஆவியாகாது. கிராம்பின் மணப்பொருளான யூஜெனாலும் சீக்கிரம் விடாது. உங்கள் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், பக்கத்து இருக்கைக்காரர்தான் அவதிப்படுவார். ஏலக்காயின் சினியோலும் மிளகின் பைனீனும் அப்படியல்ல, சீக்கிரமே பறந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு மெல்லிய மரவாசனைதான் துணை.

ஆகவே நீங்கள் சோதிக்க வேண்டியது அந்த மரவாசனையைத்தான். கடையில் தரும் காகிதச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள், காகிதத்துக்கு உடல்சூடு கிடையாது. ஒரு மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் மற்றொன்று, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஸ்ப்ரே. தேய்க்காமல் உலர விடுங்கள். 10 நிமிடம் வெளிக்காற்றில் நடந்துவிட்டுச் சூடான அறைக்குள் வந்து முகருங்கள். நான்கு மணி நேரம் கழித்து மறுபடியும் முகருங்கள். அப்போது ஏலக்காய் பக்கம் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்: பட்டையையே வாங்கி, சட்டைக்குள் நெஞ்சில் ஒரே ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொள்ளுங்கள்.

பட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள சின்னமால்டிஹைடு சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். முழங்கையின் உள்பக்கம் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது வேண்டாம்.

குளிரில் வறண்ட தோலில் மணம் நிற்காது. குளித்ததும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசி, அது ஊறிய பிறகு அடியுங்கள். ஏலக்காய்க்கு இரண்டு ஸ்ப்ரே போதும். கம்பளி மஃப்ளரில் மணம் தோலைவிட நெடுநேரம் தங்கும், 15 செ.மீ. தள்ளி நின்று அடிக்கலாம். வெனிலா உள்ளதை மட்டும் வெளிர்நிறத் துணியில் அடிக்காதீர்கள். வெனிலின் நாள்பட நாள்பட பழுப்பாகும், கறை விழும்.