தெருவில் நின்று படம்பிடிக்கக் கூச்சமாக இருக்கிறதா?

கேள்வி: நான் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். விடிகாலையில் வந்து இறங்கும் வெற்றிலைக் கவுளிகள், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள் என்று எங்கள் ஊரின் அன்றாடத்தைச் சிறுசிறு காணொளிகளாக எடுத்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் கைபேசியை உயர்த்தினாலே கை நடுங்குகிறது. எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றுகிறது. ஒருமுறை ஒருவர், "யாரைக் கேட்டு எடுக்குறே?" என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டேன். இந்தப் பயத்தைப் போக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மனத்தில் இருப்பது ஒரு பயம் அல்ல, இரண்டு. 'எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்' என்பது ஒன்று. 'அவர்களுக்குப் பிடிக்காததைச் செய்கிறேனோ' என்பது மற்றொன்று. முதலாவதைப் பழக்கத்தால் உதறிவிடலாம். இரண்டாவதை உதறவே கூடாது என்பேன்.

முதல் பயம் பெரும்பாலும் நம் கற்பனை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கூச்சம் தரக்கூடிய படம் அச்சிட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு மாணவர் ஒருவர் மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் போக வேண்டும். அறையில் ஏறத்தாழ பாதிப் பேராவது அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மூடிய அறையிலேயே இப்படி என்றால், பேருந்தைப் பிடிக்கவும் பேரம் பேசவும் ஓடிக்கொண்டிருக்கும் கடைத்தெருவில் உங்களைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனாலும் ஒருவர் சத்தம் போட்டிருக்கிறாரே என்று கேட்பீர்கள். எனக்கும் அது நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து நிலைய வாசலில் பூக்கட்டும் அம்மா ஒருவரை, யாருடனோ பேசுவதுபோல் கைபேசியைக் காதருகே வைத்தபடி படம்பிடித்தேன். அவர் நிமிர்ந்து, "எதுக்குப்பா எடுக்குறே?" என்றார். பதில் சொல்ல வராமல் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். இரவெல்லாம் மனம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் போய், "உங்க கை பூக்கட்டுறது பார்க்க அழகா இருக்கும்மா, அதைத்தான் எடுத்தேன். கை மட்டும் எடுக்கட்டுமா?" என்று கேட்டு, முந்தைய நாள் எடுத்ததையும் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வாழைநாரைத் தண்ணீரில் நனைத்தார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து, நாரைச் சுற்றி இழுத்து முடிந்தார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம் அளந்து, அதற்கு மேலும் நான்கு விரற்கடை விட்டுக் கிள்ளியதுவரை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் அவரைக் கோபப்படுத்தியது நான் எடுத்தது அல்ல, ஒளித்து எடுத்தது.

ஒளிப்பது வேறு, உறுத்தாமல் இருப்பது வேறு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரஸோன், 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்து படமெடுத்தவர். தம் சிறிய லைக்கா கேமராவின் பளபளப்பு யாருடைய கண்ணையும் இழுக்காதிருக்கக் கறுப்பு நாடா ஒட்டிவைத்திருந்தவர் அவர். அது உறுத்தாமல் இருப்பது. அமெரிக்கரான வாக்கர் எவன்ஸோ 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கேமராவைக் கோட்டுக்குள் மறைத்து, பொத்தான்களுக்கு இடையே லென்ஸை நீட்டி, எதிரே இருந்த பயணிகளை எடுத்தார். அந்தப் படங்கள் 1966இல்தான் நூலாக வந்தன. மதிக்கத்தக்க கலைஞர்தான், ஆனால் அந்த வழியை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஒளித்து எடுப்பவரின் நெஞ்சு படபடத்துக்கொண்டேதான் இருக்கும்.

நீங்கள் உங்கள் கடையிலிருந்தே தொடங்குங்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டு, தராசில் குடம் ஏறி இறங்குவதைப் பத்து நொடி எடுங்கள். அடுத்த வாரம் கடை வாசலில் நின்று தெருவை எடுங்கள். பிறகு ஈயம் பூசுகிறவரிடம் கைபேசி இல்லாமல் ஒருநாள் போய் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். மறுமுறை கேட்டுவிட்டு எடுங்கள். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து நாள் போனால், நீங்கள் அந்த இடத்தின் ஆளாகிவிடுவீர்கள். கைபேசியை இரு கைகளாலும் நெஞ்சுயரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி பிடியுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தால் நடுக்கமும் படத்தில் தெரியாது. அமைப்புகளை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால், குழல்விளக்கு எரியும் கடைக்குள் காணொளி நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள், பதியும்படி வைத்தால் மினுக்கல் பெரும்பாலும் வராது. தெருவில் நின்று பொத்தான்களைத் தேடும்போதுதான் பதற்றம் கூடுகிறது.

இரண்டாவது பயத்துக்கு வருகிறேன். காவிரிப் படித்துறையில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் கைபேசி பையிலேயே இருக்கட்டும். பெற்றோர் அறியாமல் குழந்தையின் முகம் வேண்டாம். அழுகிறவரையும் தெருவில் உறங்குகிறவரையும், அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்காதீர்கள். கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருப்பதையும் நினைவில் வையுங்கள்; கோபுர வாசலுக்கு வெளியிலேயே உங்களுக்கு வேண்டிய வாழ்க்கை நிறைய இருக்கிறது.

கேள்வி: எடுத்து முடித்த பிறகு ஒருவர் அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டுமா? பொது இடத்தில்தானே எடுத்தேன்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அழித்துவிடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. தெருவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அது தடுத்துவிடவில்லை. ஆனால் தெருவுக்கு வந்ததாலேயே ஒருவர் தம் முகத்தை நமக்கு எழுதிக்கொடுத்துவிடவும் இல்லை. வாதாடி நான்கு நொடிக் காட்சியைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தெருவுக்குள் மறுபடி போக முடியாது. "சரிங்கய்யா, அழிச்சிடுறேன்" என்று சொல்லி அவர் கண்முன்னேயே அழியுங்கள். அழித்தவை பல கைபேசிகளில் குப்பைத்தொட்டிக் கோப்புறையில் சில வாரங்கள் தங்கியிருக்கும். அதையும் திறந்து காட்டி அங்கிருந்தும் நீக்கிவிடுங்கள்.