தூங்கி எழும்போதே வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாமல் போனால் உடனே என்ன செய்ய வேண்டும்?

வாய் கோணல், நீட்டிய கை தானாகக் கீழிறங்குவது, பேச்சுக் குழறல்: திடீரென்று இவற்றில் ஒன்று வந்தாலே பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். திடீர்த் தள்ளாட்டமும் பார்வை மறைவும் இதில் சேரும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பலர் 'படுத்து எழுந்தால் சரியாகிவிடும்' என்று நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவமனையில் முதலில் கேட்பது, 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' கோளாறு கண்ணில் பட்ட நேரம் அல்ல, அதற்கு முன் நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. காலை 6 மணிக்குக் கண்டுபிடித்தீர்கள், இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் 8 மணி நேரம் போய்விட்டது. ஆனால் விடிகாலை 4 மணிக்கு அவர் பாத்ரூம் போய் வந்ததை யாராவது பார்த்திருந்தால் 2 மணி நேரம்தான். மூளை ரத்தக்குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே வீட்டில் எல்லோரையும் கேட்டு, அந்த நேரத்தை எழுதி எடுத்துப் போங்கள். நேரம் தாண்டியிருந்தாலும் கிளம்புங்கள்: பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் வழியே எடுக்கிறார்கள்.

பக்கத்துக் கிளினிக்குக்குப் போவது வீண். 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்கே போங்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். கசிவுக்கு அந்த ஊசி ஆபத்து. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பிபி எகிறியிருக்கிறதே என்று கூடுதல் மாத்திரையும் வேண்டாம். அடைப்பைச் சுற்றியுள்ள மூளைப்பகுதி அந்த அழுத்தத்தில்தான் தாக்குப்பிடிக்கிறது. ஊசிக்கு முன் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்தான், ஆனால் அதை மருத்துவமனையில் அளந்து அளந்து செய்வார்கள். தண்ணீர், காபி எதுவும் புகட்டாதீர்கள். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். சர்க்கரை தாழ்ந்தாலும் அச்சு அசலாக இப்படியே இருக்கும், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் பார்த்துச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வார்ஃபரின் போல ரத்தத்தை உறையவிடாத மருந்துகளை.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் பயணத்தை நிறுத்தாதீர்கள். அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அடுத்த இரண்டு நாள்தான் அபாயம் அதிகம்.