மாதவிடாய் நின்றபின் பிரஷர் ஏன் ஏறுகிறது? கேள்வி பதில்

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அம்மா: எனக்கு எப்போதும் 110/70 தான் இருந்தது. மாதவிடாய் நின்று இரண்டு வருடத்தில் 150/90 என்கிறார்கள். ஏன்?

அம்மா, சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன், குருதிக்குழாய்களின் உட்சுவரில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு உருவாவதைத் தூண்டி அவற்றைத் தளர்த்தி வைப்பதோடு, குழாய்களைச் சுருக்கி உப்பை உடலில் தேக்கும் ரெனின்-அஞ்சியோடென்சின் தொகுதியையும் ஓரளவு அடக்கி வைக்கிறது. மாதவிடாய் நின்றதும் இந்தப் பாதுகாப்புக் குறைகிறது. வயது, எடை, பரம்பரை ஆகியனவும் இதே காலத்தில் சேர்ந்துகொள்வதால், பழி முழுவதையும் ஓமோன் மீது போடுவது சரியல்ல.

உப்பால் குருதி அமுக்கம் (பிரஷர்) ஏறும் தன்மையும் பலருக்கு இப்பருவத்தில் கூடுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒரே சோற்றில் சேர்ந்தால் அந்த அளவில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மூட்டு வலிக்குத் தாமாக வாங்கி விழுங்கும் டைக்குளோபினக் போன்ற மாத்திரைகளும் அமுக்கத்தை ஏற்றும். இதைப் பெரும்பாலானோர் வைத்தியரிடம் சொல்வதே இல்லை.

கிளிநொச்சி வாசகி: அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால் பிரஷர் இறங்குமா?

அந்த நோக்கத்துக்காக அதை எடுக்கக் கூடாது. வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் ஈரலை அடைந்து, அங்கே அஞ்சியோடென்சினின் மூலப்பொருளான அஞ்சியோடென்சினோஜன் உற்பத்தியைக் கூட்டுவதால், சிலருக்கு அமுக்கம் ஏறவும் கூடும். தோலில் ஒட்டும் வகை ஈரலை நேரடியாகச் சென்றடையாததால் இந்த விளைவு அதில் குறைவு. தாங்க முடியாத உடற்சூடு போன்ற தொல்லைகளுக்கே, வைத்தியர் ஆராய்ந்த பின், ஓமோன் சிகிச்சை தரப்படுகிறது.

மாங்குளம் வாசகி: திடீரென்று முகம் கொதித்து வியர்க்கிறது. அது பிரஷரா?

பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் உடற்சூடே அது. ஆனால் அமுக்கத்தை அளக்காமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம். உயர் அமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

மல்லாவியிலிருந்து ஒரு தங்கை: கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

தங்கச்சி, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையாக இருந்தால், சிலருக்கு அமுக்கம் ஏறும். தொடங்கும் முன்னும் இடையிடையேயும் அளக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு முறைக்கு மாறலாம். மாற்று முறை கிடைக்கும் முன் மாத்திரையைத் தாமாக விட்டுவிட்டு, எதிர்பாராத கர்ப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். முன்பு கர்ப்பகாலத்தில் அமுக்கம் ஏறியிருந்தால் அதையும் மறக்காமல் கூறுங்கள். அவ்வாறானவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் அமுக்கம் வரும் வாய்ப்பு அதிகம். 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கிலேயே அமுக்கத்தை அளந்துகொள்ளலாம்.