ஜெபல் அலியில் வரி இல்லை. வாடகை, கூலி, டோக்கன் எல்லாம் உண்டு

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, துண்டு, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்கிறோம். துபாயில் இரண்டு மொத்த வியாபாரிகள் நிரந்தரமாக வாங்குகிறார்கள். இப்போது கென்யா, தான்சானியாவிலிருந்தும் சின்னச் சின்ன ஆர்டர்கள் வருகின்றன. ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் சரக்கை இறக்கி வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க அனுப்பலாம், அங்கே வரியே கிடையாது என்கிறார் நண்பர். ஆனால் அங்குள்ள ஏஜென்ட் அனுப்பிய கொட்டேஷனில் பதினைந்து வகைக் கட்டணம் இருக்கிறது. எது யாருக்குப் போகிறது? நாங்கள் அங்கே கம்பெனி தொடங்க வேண்டுமா?

பதில்: நண்பர் சொன்னது சரிதான். ஜெபல் அலி ஸோனுக்குள் இருக்கும் வரை உங்கள் சரக்குக்குச் சுங்கவரி இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: ஸோனுக்கு வெளியே இறக்கினால் நீங்கள் உண்மையில் எவ்வளவு வரி கட்ட வேண்டியிருக்கும்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் பெரும்பாலான சரக்குக்குச் சுங்கவரி சி.ஐ.எஃப். மதிப்பில், அதாவது பொருள் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த மதிப்பில், 5 சதவீதம். இந்தியாவும் அமீரகமும் போட்ட செபா என்கிற வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் முதலில் பலன் பெற்ற துறைகளில் ஜவுளியும் ஒன்று. உங்கள் ஹெச்.எஸ். எண்ணுக்கு, அதாவது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்ணுக்கு, ஒப்பந்த அட்டவணையில் வரி பூஜ்யம் என்று இருந்து, செபா படிவத்தில் ஒரிஜின் சர்டிஃபிகேட்டும் (சரக்கு இந்தியாவில் உருவானது என்ற சான்று) சரியாக இருந்தால், துபாய் வாங்குநர் சுங்கவரி இல்லாமலே சரக்கை எடுத்துவிடுவார். அப்படியிருக்க, இல்லாத வரியைத் தள்ளிப்போட எதற்கு வாடகை? துபாய் வியாபாரிகளுக்குப் போகிற முழு கன்டெய்னர்களை இப்போது போலவே அவர்கள் பெயரில் நேராக அனுப்புங்கள். அந்தப் பாதிக் கேள்வி இத்தோடு முடிந்தது.

மீதிப் பாதி ஆப்பிரிக்கா. ஸோனுக்கு வேலை இருப்பது அங்கேதான். மொம்பாசாவில் ஒருவர் 40 பேல் (துணி மூட்டை) கேட்கிறார், தார் எஸ் சலாமில் ஒருவர் 25 பேல். இரண்டையும் கரூரிலிருந்து தனித்தனியே அனுப்பினால் கட்டாது. ஒரு முழு கன்டெய்னரை ஜெபல் அலியில் இறக்கிப் பிரித்து அனுப்பினால் கட்டலாம். கட்டுமா, கட்டாதா என்பது சரக்கு அங்கே எத்தனை வாரம் தூங்குகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கொட்டேஷன் புரிவதற்காக. துறைமுகம் 1979-இல் திறக்கப்பட்டது. அதை ஒட்டிய ஃப்ரீ ஸோன், எல்லோரும் ‘ஜாஃப்ஸா’ என்று சொல்வது, 1985-இல் வந்தது. இரண்டுமே இன்று டி.பி. வேர்ல்ட் குழுமத்தின் கையில். கப்பலில் இருந்து இறங்கும் கன்டெய்னர் அமீரகச் சந்தைக்குள் நுழையாமலே பக்கத்துக் குடோனுக்குப் போய், அங்கிருந்து மறுபடி கப்பலேறலாம் என்பதுதான் அடிப்படை ஏற்பாடு. ஸோனும் துறைமுகமும் ஒரே குழுமம் என்பதால் பில்லும் ஒரே இடத்திலிருந்து வரும் என்று நினைத்துவிட வேண்டாம். குறைந்தது ஐந்து கைகள் இருக்கின்றன: கப்பல் கம்பெனி, துறைமுக டெர்மினல், துபாய் கஸ்டம்ஸ், ஸோன் நிர்வாகம், அப்புறம் உங்கள் சரக்கை வைத்திருக்கும் குடோன்காரர். ஏஜென்ட் இந்த ஐவருக்குமான தொகையையும் தன் கமிஷனையும் ஒரே தாளில் கொட்டியிருக்கிறார். அதனால்தான் பதினைந்து வகை.

ஒரு கன்டெய்னரோடு நடந்து போய்ப் பார்த்தால் பிரிந்துவிடும். கப்பல் வந்ததும் கப்பல் கம்பெனியின் ஏஜென்டிடம் பில் ஆஃப் லேடிங்கை (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) கொடுத்து டெலிவரி ஆர்டர், அதாவது சரக்கை விடுவிக்கும் உத்தரவு, வாங்க வேண்டும். இந்த டி.ஓ. கட்டணம் அவர்களுக்கு. டெர்மினல் ஹேண்ட்லிங், அதாவது டி.ஹெச்.சி., கப்பலிலிருந்து இறக்கி யார்டில் வைப்பதற்கானது. வேலை டெர்மினலுடையது என்றாலும் பெரும்பாலும் கப்பல் கம்பெனிதான் வசூலிக்கும். அடுத்து, ஸோனுக்குள் சரக்கு வருகிறது என்று துபாய் கஸ்டம்ஸின் மிர்சல் 2 இணைய முறையில் டிக்ளரேஷன் போட வேண்டும். வரி பூஜ்யம், ஆனால் டிக்ளரேஷனுக்குக் கட்டணம் உண்டு, அதைப் போடுகிற ஏஜெண்டுக்குக் கூலி உண்டு. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கஸ்டம்ஸ் முடிவு செய்தால் இன்ஸ்பெக்‌ஷன் செலவு தனி. லாரி உள்ளே போக நேரம் குறித்த டோக்கன் எடுக்க வேண்டும். டோக்கன் நேரத்தைத் தவறவிட்டால் அதற்கும் பணம்.

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். இறங்கிய பெட்டி யார்டில் இலவச நாட்களைத் தாண்டி நின்றால் வாடகை ஏறும், அது இடத்துக்கான காசு. பெட்டியைக் குடோனுக்கு எடுத்துப் போய், சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் டிடென்ஷன். அது பெட்டிக்கான காசு, கப்பல் கம்பெனிக்குப் போவது. ஃப்ரீ ஸோன் என்பதால் இந்த இரண்டில் எதுவும் ஒரு நாள் கூடத் தளராது. கரூரிலிருந்து புக்கிங் போடும்போதே இலவச நாட்களைக் கூட்டிக் கேளுங்கள். கப்பல் ஏறிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இனி குடோன். சொந்தமாக ஜாஃப்ஸாவில் குடோனோ இடமோ எடுப்பது ஒரு வழி, தேர்ட் பார்ட்டி குடோன்காரரிடம் வைப்பது இன்னொரு வழி. உங்கள் அளவுக்கு இரண்டாவதுதான். உள்ளே ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி தன் கஸ்டம்ஸ் கோடில் சரக்கை உள்ளே எடுத்து, உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளும். சரக்கு உங்களுடையதாகவே இருக்கும், இன்வாய்ஸ் கரூரிலிருந்தே போகும். ஒரு விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் ஒரு பேல் கூட வெளியே போகக் கூடாது, அவர்களுடைய வேறு பாக்கிக்காக யாரும் உங்கள் சரக்கில் கை வைக்க முடியாது.

குடோன்காரரின் பில் நான்கு விதமாக ஓடும். உள்ளே இறக்கும் கூலி, வெளியே ஏற்றும் கூலி, இடத்துக்கு வாரமோ மாதமோ வாடகை, பிறகு ஸ்டிக்கர் ஒட்டுவது, பாலெட் (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டு) போடுவது, மறுபேக்கிங் மாதிரி உதிரி வேலைகள். கணக்கிடும் அலகு கன மீட்டராகவோ பாலெட்டாகவோ இருக்கும். ஜவுளி இடத்தை அடைத்துக்கொள்ளும் சரக்கு. பேல் கட்டியா, அட்டைப் பெட்டியா என்பதிலேயே கன மீட்டர் கணிசமாக மாறும். பேலாகவே வையுங்கள், கூடுமானவரை அழுத்திக் கட்டி.

வாடகையில் ஒரு பொடி எழுத்து இருக்கும். ‘இருக்கிற சரக்குக்கு மட்டும்’ என்று ஒரு முறை, ‘ஒதுக்கிய இடத்துக்கு’ என்று ஒரு முறை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம், சந்தை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 40 அடிக் கன்டெய்னரில் 65 கன மீட்டர் சரக்கு. கன மீட்டருக்கு வாரம் 5 திர்ஹாம். முதல் வாரம் 325 திர்ஹாம். இருபது வாரத்தில் சரக்கு சீராக விற்றுத் தீர்கிறது என்றால், முதல் முறையில் மொத்த வாடகை சுமார் 3,400 திர்ஹாம். இரண்டாவது முறையில் 6,500. அதே குடோன், அதே சரக்கு. கொட்டேஷனில் கன மீட்டர் விலை குறைவாகத் தெரிகிற ஆள் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள். மாதாந்திரக் குறைந்தபட்ச பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடைசி ஆறு பேலுக்கு மாதா மாதம் முழுத் தொகை கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

செபா சலுகை இல்லாத சரக்குக்கு இதே கணக்கைப் போட்டால் ஸோனின் பலன் எங்கே முடிகிறது என்று தெரியும். கன்டெய்னர் மதிப்பு 2,50,000 திர்ஹாம் என்றால் 5 சதவீதம் 12,500. ஏற்று இறக்கு கூலிக்குக் கன மீட்டருக்குத் தலா 15 திர்ஹாம் வைத்தால் 1,950 போய்விடும். மீதியை வாரம் 325 வீதம் தின்றால் 32 வாரத்தில் தீர்ந்தது. அதற்கு மேல் வைத்திருந்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

வெளியே எடுக்கும்போது என்ன ஆகிறது என்பது யாருக்கு விற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஜெபல் அலியிலிருந்தே கப்பலேறி மொம்பாசாவுக்குப் போனால் அமீரகத்தில் சுங்கவரி இல்லை. இன்னொரு டிக்ளரேஷன், கப்பல் புக்கிங், டெர்மினல் கட்டணம் மட்டும். ஸோனை விட்டு வெளியே வந்து இன்னொரு துறைமுகத்தில் ஏற வேண்டியிருந்தால் கஸ்டம்ஸ் டெபாசிட்டோ கியாரண்டியோ கேட்கும். சரக்கு நாட்டை விட்டுப் போன ஆதாரத்தைக் காட்டினால் அது திரும்பும். இந்த ஆதாரத் தாளை உரிய காலத்தில் வாங்காமல் டெபாசிட்டைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதைத் துரத்துவது யார் பொறுப்பு என்று ஏஜென்டிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். துபாய் சந்தைக்கு விற்றால் வாங்குபவர் இறக்குமதியாளராக நின்று டிக்ளரேஷன் போட்டு வரி கட்டுவார். ஸோனில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் சரக்குக்குச் செபா சலுகை கோருவதாக இருந்தால், சர்டிஃபிகேட்டில் யார் பெயர், பகுதி பகுதியாக எடுத்தால் ஏற்பார்களா என்பதை கிளியரிங் ஏஜென்டிடம் சரக்கு கிளம்பும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, இருக்கிறது. ஜாஃப்ஸா வாட் சட்டப்படி ‘டெசிக்னேட்டட் ஸோன்’. உள்ளே இருக்கும் பொருள் நாட்டுக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும். ஆனால் சேவைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் குடோன்காரரின் கூலி பில்லில் 5 சதவீதம் வாட் ஏறி வரலாம். அது தப்பில்லை. அங்கே வாட் பதிவு இல்லாத உங்களுக்கு அதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல என்பதால், செலவாகவே எழுதிவிடுங்கள். கொட்டேஷனில் சொன்ன விலை வாட் சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கம்பெனி தொடங்குவது பற்றி. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ஜாஃப்ஸாவில் நூறு சதவீதப் பங்கும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம், உள்ளூர்ப் பங்காளி தேவையில்லை. ஒரு காலத்தில் அதுவே பெரிய கவர்ச்சி. 2021-இல் சட்டம் மாறிய பிறகு ஸோனுக்கு வெளியேயும் பெரும்பாலான தொழில்களுக்கு அது கிடைக்கிறது. கம்பெனி என்றால் பதிவுக் கட்டணம் ஒரு முறை, லைசென்ஸ் வருடா வருடம், ஆபீஸோ குடோனோ குத்தகை, ஆளுக்கு விசா செலவு. எத்தனை விசா என்பதும் நீங்கள் எடுத்த இடத்தின் அளவோடு சேர்ந்தது. சரக்கு ஒரு பேல் கூட நகராத மாதத்திலும் இவை நகரும்.

கார்ப்பரேட் வரியும் வந்துவிட்டது. 2023 ஜூன் 1-லோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டிலிருந்து 9 சதவீதம். ஃப்ரீ ஸோன் கம்பெனிக்குத் தகுதியான வருமானத்தில் பூஜ்யம் உண்டு. டெசிக்னேட்டட் ஸோனிலிருந்து மறுவிற்பனையாளர்களுக்குச் சரக்கு விநியோகிப்பது அந்தத் தகுதிக்குள் வரும். ஆனால் தணிக்கை செய்த கணக்கு, அங்கேயே உண்மையான இயக்கம், தகுதியில்லாத வருமானத்துக்கு உச்சவரம்பு என்று நிபந்தனைகள் இருக்கின்றன. பெட்டிக் கடை மாதிரி ஒரு டெஸ்க்கை வாடகைக்கு எடுத்து இதையெல்லாம் நிரூபிப்பது கஷ்டம்.

இந்தியப் பக்கமும் பாருங்கள். அங்கே கம்பெனி வைத்தால் 2022-இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் உங்களுக்குப் பொருந்தும். முதலீட்டை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும், வருடா வருடம் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். குடோனில் வைத்து விற்கும் சரக்குக்கும் பணம் வந்து சேர ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. அது 15 மாதம், ஷிப்மென்ட் தேதியிலிருந்து எண்ண வேண்டும். விற்காமல் கிடக்கிற பேல் அந்தக் கெடுவையும் தின்கிறது. கன்சைன்மென்ட் முறையில், அதாவது முதலில் அனுப்பி வைத்துப் பிறகு விற்கும் முறையில், அனுப்புகிறோம் என்று வங்கியிடமும் கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்டிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆக, செய்ய வேண்டியது இது. ஓடுகிற டிசைன்களாகப் பார்த்து ஒரே ஒரு கன்டெய்னரை ஆப்பிரிக்காவுக்கென்று தேர்ட் பார்ட்டி குடோனில் வையுங்கள். கொட்டேஷனை ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்து நான்கு பத்தியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: கன்டெய்னருக்கு ஒரு முறை, கன மீட்டருக்கு ஒரு முறை, வாரா வாரம், ஒவ்வொரு டெஸ்பாட்சுக்கும். நாலாவது பத்திதான் உங்களைக் கடிக்கப் போவது. 25 பேல் ஆர்டருக்கும் 200 பேல் ஆர்டருக்கும் டிக்ளரேஷன் மாதிரித் தாள் வேலைச் செலவெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இத்தனை பேலுக்குக் குறைந்தால் அனுப்ப மாட்டோம் என்று ஆப்பிரிக்க வாங்குநர்களிடம் ஓர் அளவு வைத்துப் பேசுங்கள்.

இன்னொன்று, கென்யாவுக்குப் பல சரக்குகளுக்கு ஏற்றுமுன் தரச் சான்று கேட்கிறார்கள். தான்சானியாவிலும் அதே மாதிரி ஏற்பாடு உண்டு. உங்கள் சரக்குக்கு வேண்டுமா என்று வாங்குநரிடம் கேளுங்கள். வேண்டுமென்றால் அந்தப் பரிசோதனையைக் கரூரில் முடிப்பதா, ஜெபல் அலி குடோனில் வைத்து முடிப்பதா என்பதையும் அதே கொட்டேஷனில் விலை போட்டு வாங்கிவிடுங்கள்.