வெட்டிய படத்தில் விடுபட்ட விதை

அன்புள்ள ஐயா,

டோல்கீனின் 'ஹாபிட்' நாவலைக் கல்லூரி நாட்களில் படித்தேன். இன்றுவரை எனக்கு மிகப் பிரியமான புத்தகம் அதுதான். பீட்டர் ஜாக்சன் அதை மூன்று படங்களாக எடுத்தபோது ஏமாந்துபோனேன். ஆறு மாதமாக, வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து, அந்த மூன்றையும் ஒரே படமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். இதை ஃபேன் எடிட் என்பார்கள். நாவலில் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். படத்துக்காகச் சேர்த்த டாரியல், லெகோலஸ், மந்திரவாதி காண்டால்ஃப் தனியே போகும் கோட்டை, போரில் பெரும்பகுதி, எல்லாம் போயிற்று. கதாநாயகன் பில்போ, குள்ளர்களின் தலைவன் தோரினிடம் ஓக் விதையைக் காட்டும் காட்சிகூட நாவலில் கிடையாது, அதையும் எடுத்துவிட்டேன். இப்போது 3 மணி 40 நிமிடம் ஓடுகிறது.

நண்பர்கள் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் கடைசி அரை மணி நேரம் ஒட்டவே இல்லை. தோரின் சாகும்போது மனசில் ஒன்றும் நிகழவில்லை. வெட்டிய இடங்களில் இசை வேறு குதிக்கிறது. "அடுத்தவர் எடுத்த படத்தில் கை வைக்க நீங்கள் யார்?" என்று என் மனைவி கேட்கிறார். நான் செய்வது தவறா?

சு., மதுரை

அன்புள்ள சு.,

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. ஜாக்சனின் படம் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் செய்வது ஒரு வாசிப்பு. நாம் கட்டுரையில் "இந்த இடம் இழுக்கிறது" என்று எழுதுவோம், நீங்கள் அதைக் கத்தரியால் எழுதுகிறீர்கள். 1999-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' முதல் அத்தியாயத்தை மைக் நிக்கல்ஸ் என்ற படத்தொகுப்பாளர் ஏறத்தாழ 20 நிமிடம் குறைத்து வெட்டினார். அது வீடியோ கேசட்டாகக் கைமாறிப் பரவிய பிறகுதான் இந்தப் பழக்கத்தை உலகம் கவனித்தது. இயக்குநர்களே இதைச் செய்கிறார்கள். மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்' 219 நிமிடப் படம். ஸ்டீவன் சோடர்பெர்க் 2014-இல் அதை 108 நிமிடமாக வெட்டித் தன் இணையதளத்தில் வைத்தார். அந்தப் படத்தின் மேல் பிரியம் இல்லாத ஒருவர் அத்தனை நாள் அதோடு உட்கார்ந்திருப்பாரா?

சட்டம் வேறு விஷயம். படத்தின் உரிமை தயாரித்தவர்களுடையது. காசு வாங்கக் கூடாது, மூலப் படத்தின் வட்டை விலைகொடுத்து வாங்கியவர்தான் பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அது சட்டத்தின் அனுமதி ஆகிவிடாது என்றாலும் நல்ல கட்டுப்பாடு. அதை மீறாதீர்கள்.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். உங்கள் ஏமாற்றம் எனக்கும் உண்டு. 1937-இல் குழந்தைகளுக்காக வந்த ஒரு சிறிய நாவல், திரையில் 169, 161, 144 நிமிடங்கள் என்று மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம்தான் குறைவு. முதலில் இரண்டு படங்கள் என்றுதான் திட்டம். 2012-இல் மூன்றாக்கினார்கள். ஊதியது கண்ணுக்குத் தெரிகிறது. 2015 ஜனவரியிலேயே ஒருவர் மூன்றையும் நாலரை மணி நேரமாகச் சுருக்கிவிட்டார். டாரியலின் காதலும் காண்டால்ஃபின் கோட்டையும் அதிலும் இல்லை. காண்டால்ஃபின் கோட்டையை எடுத்தது சரியான வெட்டு என்றே நினைக்கிறேன். நாவலில் அவர் காட்டின் விளிம்பில் விடைபெற்றுப் போய்விடுவார், எங்கே போனார் என்று கதை முடியும்வரை நமக்குத் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் இருட்டுக்குள் நுழையும் பயம் அப்போதுதான் வரும். படத்தில் அவர் இருக்கும் இடத்தை அடிக்கடி காட்டி அந்தப் பயத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாம் இப்படிச் சுலபமாகப் பிரிந்து வராது. டாரியலையே எடுத்துக்கொள்ளுங்கள். கீலி என்ற இளம் குள்ளனின் காலில் அம்பு தைக்கிறது, அவன் ஏரி நகரில் தங்கிவிடுகிறான், அவனோடு இன்னும் மூன்று பேர். பிறகு டாரியல் வந்து குணப்படுத்துகிறாள். நாவலில் 13 குள்ளர்களும் தங்கம் கிடக்கும் மலைக்குப் போகிறார்கள், படத்தில் ஒன்பது பேர்தான். அவளை முழுதாக எடுக்கிறேன் என்று அம்பையும் எடுத்துவிட்டால், மலைமேல் நாலு பேர் எங்கே என்று பார்ப்பவர் தேடுவார். அம்பு இருக்கட்டும், நோயாளியாக அவன் பின்தங்கட்டும். குணமான காட்சி இல்லாமலே பிறகு வந்து சேரட்டும். தோரினை வேட்டையாடும் அஸோக்கும் இப்படித்தான். அவனை வேரோடு பிடுங்கினால் முதல் படத்தின் முடிவில் பில்போ தோரினைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்றாவிட்டால் பாறைமேல் தோரின் அவனைக் கட்டியணைக்க முடியாது. பிடிக்காத சதையோடு பிடித்த நரம்பும் ஓடுகிறது.

இப்போது அந்த விதை. அதை வெட்டினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே வலித்தது. தங்க மோகத்தில் தோரினுக்குப் புத்தி திரிந்திருக்கிறது, கூட இருப்பவர்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிறான். பில்போ கையில் எதையோ மறைக்கிறான் என்று பாய்ந்து வந்து கேட்கிறான். பில்போ உள்ளங்கையை விரித்தால், வழியில் அவர்களுக்கு இடம் கொடுத்த பியோர்னின் தோட்டத்தில் எடுத்த ஒரு ஓக் விதை. ஊருக்குப் போய் நடப்போகிறேன் என்கிறான். தோரின் முகத்தைப் பாருங்கள். இறுகியிருந்தது மெல்லத் தளர்கிறது, சிரிக்கிறான், கொஞ்ச நேரம் பழைய தோரின் திரும்பி வருகிறான். உடனே யாரோ வந்து கூப்பிட, அந்த முகம் மறுபடி மூடிக்கொள்கிறது. அந்த மூன்றாம் படத்தில் இதற்கு ஈடான காட்சி வேறில்லை. நாவலில் இல்லைதான். ஆனால் நாவலின் உயிர் அதில் இருக்கிறது.

சாகும்போது தோரின் பில்போவிடம் என்ன சொல்கிறான்? உன் புத்தகங்களிடம் போ, உன் மரங்களை நடு என்கிறான். உங்கள் படத்தில் எந்த மரம்? பார்ப்பவர் விதையையே பார்க்கவில்லையே. அந்தச் சாவு உங்களைத் தொடாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நாவலில் உண்டா இல்லையா என்பது கணக்குப் பார்க்கும் விதி. அதைத் தூக்கிப் போடுங்கள். இந்த இடத்தில் பில்போவுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் கேளுங்கள். பில்போவாக நடித்த மார்ட்டின் ஃப்ரீமனின் முகம் இருக்கும்போது உங்களுக்கு வேறு வழிகாட்டி வேண்டாம். போரைக்கூட இந்தக் கேள்வியே சுருக்கித் தரும். படத்திலும் அவன் அடிபட்டு மயங்கி விழுகிறான் அல்லவா? அவனோடு திரையும் இருண்டு, அவன் கண் திறக்கும்போது நாமும் திறந்தால் போதும்.

எனக்கே ஒன்று நடந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு வாசகர் என் நாவலைத் தபாலில் திருப்பி அனுப்பினார். கிட்டத்தட்ட நூறு பக்கங்களைப் பென்சிலால் அடித்திருந்தார். இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை, அவ்வளவு கோபம். அப்புறம் ஒருநாள் எடுத்துப் புரட்டினேன். கதாநாயகனின் அக்கா வரும் ஒரு வரியைக்கூட அவர் அடிக்கவில்லை. ஓரிடத்தில் அவள் பெயருக்குக் கீழே மட்டும் மெல்லிய கோடு. அவள்தான் அந்த நாவல் என்பது எழுதிய எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஜாக்சன் உங்கள் படத்தைப் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் அவர் பார்ப்பார் என்று நினைத்தே வெட்டுங்கள்.

இசை குதிப்பதற்கு ஒரு வழி. படமும் ஒலியும் ஒரே இடத்தில் வெட்டுப்பட வேண்டியதில்லை. அடுத்த காட்சியின் ஒலியை ஒன்றிரண்டு வினாடி முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். ஆறு தடத்து ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும், இசை பக்கத் தடங்களில். பக்கத் தடங்களைத் தணித்துவிட்டு, படத்துக்கு இசையமைத்த ஹோவர்ட் ஷோரின் இசைத்தட்டிலிருந்து பொருத்தமான துண்டை மேலே போடலாம். அதுவும் பிசிறடித்தால் படத்தின் வேறு இடத்திலிருந்து காற்றின் ஓசையோ தண்ணீர் ஓசையோ எடுத்து இடைவெளியில் விரித்துவிடுங்கள். காது சமாதானமானால் கண் கேள்வி கேட்காது.

விதைக் காட்சியைத் திரும்ப வைத்து, கடைசி அரை மணி நேரத்தை மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு எழுதுங்கள். மூன்று படங்களின் வட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. ஆகவே உங்கள் கட்டுப்பாட்டின்படி நானும் பார்க்கலாம்.